துளிர் விட்ட அடிக்கட்டைகள்: ஆனைமலையில் 5 நாட்கள்

முதல் நாள்: பொள்ளாச்சி சாலை

அப்பா நாற்பது வருடம் தச்சு வேலை பார்த்தவர். போன தை மாதம் உளியைக் கீழே வைத்தார். கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நாள், திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் தானாகவே சொன்னார்: "தேக்கை அறுத்திருக்கேன், இழைச்சிருக்கேன். காட்டுல நிக்கிற தேக்கைப் பக்கத்துல போயி பாத்ததில்ல கண்ணு."

இந்தப் பயணத்துக்கு வேறு காரணம் இல்லை. டாப்சிலிப், பரம்பிக்குளம், அப்புறம் வால்பாறை. ஜூன் மாதம், தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நேரம். தேக்கு புது இலை விட்டிருக்கும் என்பதால் இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

கோவையில் இருந்து பொள்ளாச்சி வரை 40 கிலோமீட்டர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தச் சாலையில் பேருந்து போனால், ஜன்னலுக்குள் வெயில் முழுதாக வராது. இரண்டு பக்கமும் புளியமரங்கள். வெயில் சல்லடையில் விழுந்த மாதிரி மடியில் ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது நான்கு வழிச்சாலை. கிணத்துக்கடவு தாண்டியும் நிழல் என்று ஒன்று இல்லை.

தேநீர் குடிக்க இறங்கியபோது அப்பா சாலையோரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். "அடிக்கட்டை ஏதாச்சும் இருக்குதான்னு பாத்தேன். ஒண்ணு கூட இல்ல" என்றார். முன்பெல்லாம் மரம் வெட்டினால் கோடாலி, இல்லாவிட்டால் ரம்பம். இடுப்பளவிலோ முழங்கால் அளவிலோ அறுப்பார்கள். அடிக்கட்டை மண்ணிலேயே கிடக்கும். அடுத்த மழைக்குப் பக்கவாட்டில் துளிர்த்துவிடும். புளி, வேம்பு, புங்கன் எல்லாமே அப்படித்தான். "இப்ப பொக்லைன் வந்து வேரோட பிடுங்கிருது. அப்புறம் அது எங்க துளிர்க்கும்?"

எங்கள் வீட்டுப் பின்புறமும் ஒரு வேப்பங்கட்டை இருக்கிறது. கார் நிறுத்த இடம் வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன் நான்தான் அந்த மரத்தை வெட்டச் சொன்னேன். அப்பா அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை. இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள்: டாப்சிலிப்

சேத்துமடை சோதனைச் சாவடி தாண்டியதும் காற்றே மாறிவிட்டது. மேலே ஏற ஏற மூங்கில், அப்புறம் தேக்கு. அப்பா கார் கண்ணாடியை இறக்கிவிட்டு, வழி முழுக்கத் தலையை வெளியே நீட்டியபடியே வந்தார்.

டாப்சிலிப் என்ற பெயரே மரம் வெட்டியதில் இருந்து வந்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் பம்பாயில் கப்பல் கட்ட ஆங்கிலேயர்களுக்குத் தேக்கு தேவைப்பட்டது. பின்னால் ரயில் தண்டவாளத்துக்குக் கட்டைகள் தேவைப்பட்டன. ஆனைமலையின் தேக்கைக் கண்டவர்கள் கை வைக்காமல் விடுவார்களா? வெட்டிய மரங்களை யானைகள் மலை விளிம்புக்கு இழுத்து வரும். அங்கிருந்து சரிவில் உருட்டிவிடுவார்கள். மேலிருந்து சரித்துவிட்ட இடம், அதனால் டாப் ஸ்லிப். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மலையின் பெரும்பகுதி மொட்டையாகி இருந்தது.

இங்கேதான் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி வருகிறார். 1915 வாக்கில் இந்தக் காட்டின் பொறுப்பு அவரிடம் வந்தது. மரத்தை வேரோடு எடுக்கக் கூடாது, அடிக்கட்டையை மண்ணிலேயே விட்டு வெட்ட வேண்டும், அதில் இருந்து துளிர்ப்பது மரமாகும் வரை காத்திருக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். கூடவே, கால்சட்டைப் பை நிறையத் தேக்கு விதைகளோடு காட்டுக்குள் நடப்பாராம். கைத்தடியால் மண்ணில் குழி போடுவது, விதையைத் தள்ளுவது, அடுத்த அடி வைப்பது. காடு திரும்பி வந்தது.

எங்களைக் கூட்டிப்போன வனக் காவலர் இளைஞர், இந்த மலையில் பிறந்தவர். பாதையோரம் ஒரு தேக்குக் கட்டையைக் காட்டினார். குனிந்து பார்த்தேன். வெட்டிய முகம் சாம்பல் நிறத்தில் வெடித்துக் கிடந்தது, நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்குப் பொந்து. செத்தே போய்விட்டது என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் மண்ணை ஒட்டிப் பட்டையைக் கிழித்துக்கொண்டு மூன்று தண்டுகள் கிளம்பியிருந்தன. ஒன்று என் தொடை கனம். இலை ஒவ்வொன்றும் முறம் அளவு, மேலே கை வைத்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு.

"விதையில முளைச்ச கன்னை விட இது வேகமா வளருமுங்க ஐயா. கீழ வேரு ஏற்கெனவே இருக்குதுல்லங்க" என்றார் அவர்.

"மறுதாம்புக் கரும்பு மாதிரி" என்றார் அப்பா சட்டென்று.

அதேதான். வெட்டிய கரும்பின் கட்டையில் இருந்து மறுபடி துளிர்த்து வருவதுதான் மறுதாம்பு. வெட்டும்போது மரம் இழப்பது மேல்பகுதியை மட்டும்தான். வேர் அப்படியே இருக்கிறது. அதில் சேமித்து வைத்த மாவுச்சத்து இருக்கிறது. பட்டைக்கு அடியில், வருடக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகள் இருக்கின்றன. உச்சியில் இருக்கும் வளரும் நுனிதான் அவற்றை அடக்கி வைத்திருக்கும். நுனி போனதும் அந்தக் கட்டுப்பாடு விலகுகிறது, கீழே தூங்கியவை எழுந்துகொள்கின்றன.

காவலர் இன்னொன்றும் சொன்னார். கட்டையின் மேல் விளிம்பில் வரும் துளிர் பார்க்கச் செழிப்பாக இருக்குமாம். ஆனால் பிடிமானம் கிடையாது, பெருங்காற்று அடித்தால் பிய்ந்துகொண்டு விழும். மண்ணை ஒட்டி வருவதுதான் நிற்கும். அதிலும் ஒன்றிரண்டை மட்டும் விட்டு மற்றதைக் கழித்துவிட வேண்டும். அப்பா இதை இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஹ்யூகோ வுட் 1933இல் இறந்தார். அவர் விரும்பியபடி இங்கேயே, அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவிலேயே புதைத்திருக்கிறார்கள். கல்லறையில் லத்தீனில் ஒரு வாசகம். என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயானால் சுற்றிலும் பார் என்று பொருள். நான் அதைச் சொன்னதும் அப்பா சொன்னபடியே சுற்றிப் பார்த்தார். மெதுவாக, ஒரு முழு வட்டம். பார்த்த பக்கமெல்லாம் தேக்கு. அவர் செருப்பைக் கழற்றியதை அப்புறம்தான் கவனித்தேன்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்தாமல் இல்லை. தேக்கு மட்டும் நிற்கும் காடு முழுக் காடு ஆகாது. அவர்களும் திரும்ப வெட்டுவதற்காகத்தான் வளர்த்தார்கள். இடையிடையே உண்ணிச்செடி புதராக மண்டிக் கிடக்கிறது, அழகுச் செடி என்று வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து தப்பவிட்டது. ஆனாலும் வேரை விட்டு வெட்டுங்கள் என்று அன்றைக்கு ஒருவர் பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால், இன்றைக்கு நான் இந்த நிழலில் நின்று குறை சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாம் நாள்: பரம்பிக்குளம்

பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம். ஆனால் சாலை வழியாகப் போக வேண்டும் என்றால் டாப்சிலிப்பைக் கடந்துதான் போக வேண்டும். காலையில் லேசான தூறல். வழியில் காட்டெருமைக் கூட்டம் ஒன்று நின்றது, வண்டி கடந்து போகும் வரை அசையவில்லை.

துணக்கடவு அருகே கன்னிமாரா தேக்கு.

எப்படிச் சொல்வது? படத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். நேரில் பார்க்கும்போது முதலில் இது மரம் என்றே மனதில் ஏறவில்லை. பாதத்தில் இருந்து பார்வை ஏறிக்கொண்டே போகிறது, முதல் கிளை வரவே நேரமாகிறது. சுற்றளவு சுமார் 7 மீட்டர். வயது 450 வருடத்துக்கு மேல் என்று கணிக்கிறார்கள். 1994-95இல் மத்திய அரசின் மகாவிருட்ச புரஸ்கார் விருது கொடுத்திருக்கிறார்கள். கப்பலுக்கும் ரயிலுக்கும் சுற்றியிருந்த காடு போனபோதும் இது நின்றிருக்கிறது.

ஏன் நின்றது? இதை வெட்ட வந்தபோது, கோடாலி பட்ட இடத்தில் ரத்தம் பீறிட்டதாகவும், பயந்து விட்டுவிட்டுக் கும்பிட ஆரம்பித்ததாகவும் கதை. கூட வந்த வழிகாட்டி அதைச் சொல்லி முடித்ததும், அப்பா கீழே குனிந்து ஓரத்தில் கிடந்த ஒரு தேக்குத் துளிரை எடுத்தார். காற்றில் ஒடிந்து விழுந்தது. உள்ளங்கையில் வைத்துக் கட்டை விரலால் நன்றாகத் தேய்த்தார். கையை நீட்டினார். உள்ளங்கை ரேகை எல்லாம் சிவந்திருந்தது. ரத்தச் சிவப்பு.

"கதை சும்மா வராது கண்ணு" என்றார்.

அந்தச் சிவப்பு மதியம் வரை போகவில்லை. கை கழுவவும் அவர் அவசரப்படவில்லை.

மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். மரம் காயம் பட்டால் என்ன செய்யும் என்று நான் படித்ததை அவரிடம் சொன்னேன். நமக்குப் புண் ஆறுவது போல மரத்துக்கு ஆறாது. கெட்டுப்போன இடத்தைச் சுற்றி உள்ளே ஒரு தடுப்பு எழுப்பி, அழுகல் அதைத் தாண்டாமல் அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்ந்துகொள்ளும். பழைய காயம் மரத்துக்குள்ளேயே கடைசி வரை இருக்கும். இதைக் கேட்டதும் அப்பா சிரித்தார். அவருக்கு இது புத்தகத்தில் படிக்க வேண்டிய சங்கதி இல்லை. ஒரு தடவை வேப்ப மரத்தை மில்லில் அறுக்கும்போது வாள் பட்டென்று பல் உடைந்ததாம். பார்த்தால் நடுக்கட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு ஆணி. எந்தக் காலத்திலோ யாரோ போர்டு மாட்ட அடித்தது. சுற்றிலும் நீலம் பாய்ந்து கறுத்துப் போயிருந்தது, அதற்கு வெளியே ஒரு சாண் நல்ல மரம். "விழுங்கிட்டு வளந்திருக்குது" என்றார்.

அப்புறம் நான் இன்னொன்று சொன்னேன், சொன்ன பிறகு சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று பட்டது. மரத்தில் உயிரோடு இருப்பது பட்டையை ஒட்டிய பகுதியும், அதற்கு உள்ளே இருக்கும் வெளிறு என்கிற இளமரமும்தான். நடுவில் இருக்கும் வைரம் என்கிற கெட்டி மரம் உயிர் போன பகுதி, தாங்கி நிற்க மட்டும்தான். அதனால்தான் உள்ளே பொந்தாகிப் போன மரங்களும் பச்சையாக நிற்கின்றன.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அவர் தொழிலில் வைரம்தான் எல்லாம். வெளிறைச் சீவி எறிந்துவிடுவார்கள், பூச்சி அரிக்கும், கதவுக்கு ஆகாது. "அப்ப நாற்பது வருஷமா உசுரைச் சீவிப் போட்டுட்டு மிச்சத்தைத்தான் இழைச்சிருக்கேன்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கு நேரானது போலச் சொன்னார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

மதியம் அணைக்கரைக்குப் போனோம். இந்தப் பள்ளத்தாக்கு இரண்டு விதத்தில் அடி வாங்கியிருக்கிறது. 1907இல் கொச்சி சமஸ்தானம் பரம்பிக்குளத்தில் இருந்து சாலக்குடி வரை சுமார் 80 கிலோமீட்டருக்கு ஒரு டிராம் பாதை போட்டது, முழுக்க முழுக்க மரம் இறக்குவதற்காகவே. 1963 வரை ஓடியது. அதே 1960களில் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் (பிஏபி) வந்து, பள்ளத்தாக்கின் ஒரு பகுதி தண்ணீருக்கு அடியில் போனது. டிராம் பாதை போன இடங்களில் காடு திரும்ப ஏறி மூடிவிட்டது. தண்ணீர் மூடிய இடத்தில் அது முடியாது. வேர் இருந்தாலும் மூச்சு விட வழியில்லை.

அந்தத் தண்ணீரை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. எங்கள் தாத்தாவின் இரண்டு ஏக்கர் தோட்டத்தில் தென்னை நின்றது பிஏபி வாய்க்காலால்தான். நாங்கள் குடித்த இளநீர் ஒவ்வொன்றிலும் இந்தப் பள்ளத்தாக்கு இருந்திருக்கிறது. அப்பாவும் அதைத்தான் நினைத்திருப்பார் என்று தோன்றியது. கரையில் நின்று இரண்டு கையையும் கூப்பினார். தண்ணீருக்கா, அடியில் இருந்த மரங்களுக்கா என்று நான் கேட்கவில்லை.

நான்காம் நாள்: வால்பாறை

திரும்பவும் கீழே இறங்கி, ஆழியாறு வந்து, 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினோம். ஒன்பதாவது வளைவில் வரையாடு ஒன்று தடுப்புச் சுவர் மேல் நின்றது. உச்சிக்குப் போனதும் மழை பிடித்துக்கொண்டது.

வால்பாறையைப் பச்சை என்கிறோம். எனக்கும் முதலில் பார்க்கும்போது கண் குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று வரை காட்டுக்குள் இருந்துவிட்டு வந்த கண்ணுக்கு, கொஞ்ச நேரத்தில் ஏதோ குறைவது தெரிந்தது. சத்தம் இல்லை. மலை மலையாகத் தேயிலை, நடுநடுவே நட்ட சில்வர் ஓக். 1890களில் இருந்து இந்த மழைக்காட்டை அழித்துக் காப்பியும் தேயிலையும் போட்டார்கள். சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமியில் இன்று காடு நாற்பது சொச்சம் துண்டுகளாகக் கிடக்கிறது.

இங்கே இருக்கும் நண்பர் ஒருவர் தேயிலைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போனார். ஒரு பாத்தியில் கவாத்து முடிந்திருந்தது. முழங்கால் உயரத்தில் வெறும் முறுக்கிய கட்டைகள், அதில் அரிசி அரிசியாகப் புதுத் துளிர். தேயிலையும் மரம்தான். விட்டால் வீட்டு உயரம் தாண்டி வளரும். நாம் இடுப்பளவில் கிள்ளிக்கிள்ளி, சில வருடங்களுக்கு ஒருமுறை வெட்டி வெட்டி, துளிர்ப்பதையே அதன் வேலையாக ஆக்கிவிட்டோம். அப்பா ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்தார். அவர் தொடை கனம் இருந்தது. நெஞ்சு உயரம் கூட இல்லை.

நண்பர் சொன்னதில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. தேயிலைத் தோட்டங்களில் ஒரு மரத்தை எடுப்பதற்கு முன் அடிமரத்தில் பட்டையை வளையமாக உரித்துவிட்டுப் பல மாதம் விட்டுவிடுவது வழக்கம். இலை தயாரிக்கும் உணவு கீழே இறங்க முடியாது. வேர் தன் சேமிப்பைத் தின்று தீர்க்கும். மாவுச்சத்து முழுக்கக் காலியான பிறகு வெட்டுவார்கள், அப்போதுதான் மண்ணில் மிஞ்சும் வேரில் பூஞ்சை பற்றித் தேயிலைக்குத் தாவாது. மரம் எதை வைத்துத் திரும்ப எழுகிறது என்று ஹ்யூகோ வுட்டுக்குத் தெரிந்திருந்தது. தோட்டக்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. ஒரே அறிவு.

சாயங்காலம் மழை விட்டதும் மீட்டெடுத்துவரும் ஒரு துண்டுக் காட்டைச் சாலையில் இருந்தே பார்த்தோம். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பு 2000களின் தொடக்கத்தில் இருந்து, தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்போடு, இந்த மலைக்கே உரிய மரங்களை நட்டு வளர்க்கிறது. சாலையோரம் உதிரும் விதைகளைப் பொறுக்கி நாற்று ஆக்குகிறார்கள். இது தேக்கு விதை மாதிரி இல்லை. தேக்கு விதை கெட்டி ஓட்டுக்குள் மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டு, காத்திருந்து முளைக்கும். மழைக்காட்டு விதைகளில் பல, டப்பாவில் சேமித்து வைக்க முடியாதவை. காய்ந்தால் செத்தன. உடனே மண்ணுக்குப் போக வேண்டும்.

பல மரங்களின் விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோக இருவாச்சி வேண்டும். அது தின்று, பறந்து போய், வேறு இடத்தில் கக்கும். அந்த இருவாச்சிக்குக் கூடு வைக்கப் பொந்துள்ள பெரிய மரம் வேண்டும். பெரிய மரம் இல்லாவிட்டால் பறவை இல்லை, பறவை இல்லாவிட்டால் கன்று இல்லை. இங்கே அடிக்கட்டை துளிர்ப்பதோடு கதை முடிவதில்லை என்பது இந்த மலை ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

புதுத்தோட்டம் அருகே சோலைமந்திகள் சாலையைக் கடக்கக் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். தரையில் இறங்கத் தேவையே இல்லாத குரங்கு அது. வெடிப்பலா மரத்தின் உச்சியில் பிறந்து அங்கேயே வாழ்வது. கிளையோடு கிளை கோத்திருந்த காட்டை நாம் பிரித்துவிட்டு, இப்போது கயிறு கட்டித் தருகிறோம். குட்டியை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு ஒன்று அதில் கடந்து போனது. அப்பா மூச்சு விடாமல் பார்த்தார்.

அட்டைக்கடி காலில் எட்டு இடத்தில். ராத்திரி முழுக்க மழை.

ஐந்தாம் நாள்: வீடு

வழியில் எங்கேயும் நிற்கவில்லை. பொள்ளாச்சி சாலையில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கினாரா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவியதும் அரிவாளை எடுத்துக்கொண்டு பின்புறம் போனார். நானும் போனேன். வேப்பங்கட்டையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து துளிர்கள். வண்டியில் உரசுகிறது என்று ஒவ்வொரு மாதமும் அம்மா ஒடித்துப் போடுவார், மறு மழைக்கு அது திரும்ப வரும். இரண்டு வருடமாக இப்படியே போகிறது. நான் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு துளிரையும் அடி வரை விரலால் தடவிப் பார்த்தார். கட்டையின் மேல் விளிம்பில் என் தோள் உயரத்துக்கு ஒன்று தளதளவென்று நின்றது. நானாக இருந்தால் அதைத்தான் விட்டிருப்பேன். அதை முதலில் வெட்டினார். அப்புறம் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். கை நடுங்கியது, ஆனால் வெட்டு தவறவில்லை.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. மண்ணுக்குள் இருந்தே கிளம்பியது, என் சுண்டு விரல் கனம், முழங்கால் உயரம் கூட இல்லை. பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சியை ஊன்றி, அம்மாவின் பழைய சேலைக் கரையைக் கிழித்துத் தளர்வாகக் கட்டினார்.

"வண்டியை நாளைல இருந்து ரோட்டுல நிறுத்திக்க கண்ணு" என்றார்.

சாவியை எடுத்துக்கொண்டு அப்போதே போனேன்.